நோயாளியின் சீனியை நான் குடித்த கதை

தோட்ட ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் வாசிக்க, என் பணிக்காலத்தில் செய்த நல்ல காரியங்களை எழுதித் தரும்படி கேட்டார்கள். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதிலும் பாதி சந்தேகம். மடத்தனங்கள் என்றால் எனக்குக் கொப்பி கொப்பியாக எழுதலாம். அவற்றில் பெரியதைத் தருகிறேன். அதில் ஒரு மனிதர் சாகப் பார்த்தார். ஆகவே இடையில் சிரிப்பு வந்தாலும் கடைசிவரை வாசியுங்கள்.

நான் முப்பத்திரண்டு வருஷம் டிஸ்பென்சராக இருந்தவன். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஊசி போடுவதும் நான்தான், மருந்து கலக்குவதும் நான்தான், பிரசவம் பார்ப்பதும் நான்தான். தோட்டத்து மக்களுக்குக் கசக்காத மருந்தில் நம்பிக்கை கிடையாது. போன முறை கொடுத்தது தண்ணீர் மாதிரி இருந்தது என்று போத்தலோடு திரும்பி வந்து நிற்பார்கள். அவர்களோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை. எல்லா மிக்சரிலும் கொஞ்சம் கசப்புக் கஷாயத்தைச் சேர்த்துவிடுவேன். குடித்துவிட்டு முகத்தைக் கோணினால் அவர்களுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. இப்படியே நாலைந்து வருஷத்தில் அந்த மலைக்கே ஒரு பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். நாக்குக்குப் பிடித்த எதுவும் மருந்தாக இருக்க முடியாது என்பதுதான் அந்தப் பாடம்.

அப்போது சீனிக்குக் கூப்பன் காலம், தலைக்கு இவ்வளவு என்று அளந்துதான் கிடைக்கும். உங்களுக்கு அது தெரியாது. பால் இல்லாத தேத்தண்ணியைச் சாயத் தண்ணி என்போம். அதைக் கோப்பையில் ஊற்றி, சீனியை அதில் போடாமல் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்துக்கொள்வார்கள். ஒரு மிடறு சாயம், நாக்கு நுனியால் கையில் ஒரு தொடல். கெட்டிக்காரர்கள் ஒரு சிட்டிகையை வைத்து இரண்டு கோப்பை குடித்துவிடுவார்கள். கூப்பன் சீனி தீர்ந்த பிறகு உள்ளங்கையும் கிடையாது, வெறுஞ் சாயம்தான்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு மாதமொருமுறை வந்துபோகும் டொக்டர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதை என் மேசையில் தேடுவார். ஒருநாள் அவர் ஏதோ வெளிநாட்டு மருத்துவச் சஞ்சிகையில் படித்த புது விஷயம் ஒன்றோடு வந்தார். வயிற்றுப்போக்குக்கு நரம்பில் ஏற்றும் சேலைன் இல்லாவிட்டாலும் உப்பையும் சீனியையும் அளவாகத் தண்ணீரில் கலக்கி வாயால் கொடுத்தே ஆளைப் பிழைக்க வைக்கலாமாம். ஏன் என்று விளக்க என் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வட்டம் வட்டமாக வரைந்தார். குடலின் உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன உயிரணுக்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. கண்டதெல்லாம் அந்தச் சவ்வைக் கடந்து உள்ளே போய்விட முடியாது. அதில் வாசல்கள் இருக்கின்றன, அந்தந்த வாசலுக்கு அந்தந்தச் சாமான். வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு போகும் மற்ற வாசல்கள் சரியாக வேலை செய்யாது, ஒன்று மட்டும் திறந்திருக்கும்.

"அந்த வாசலால உப்பு தனியப் போகாது, தம்பி. சீனி கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகோணும். ரெண்டும் உள்ள போனால்தான் தண்ணியும் பின்னால போகும். விளங்கினதோ?"

விளங்கியது என்றேன். எனக்குப் பசி. வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பது தெரியும். வட்டம் வரைந்த பக்கத்தைப் பார்க்காமல், அளவு எழுதிய பக்கத்தை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த அளவை இங்கே எழுதப்போவதில்லை. இப்போது அது பொட்டலத்திலேயே அச்சாகி வருகிறது. டொக்டர் அதோடு விடாமல் தோட்ட மேனேஜரான பெரிய துரையிடம் பேசி, அவர் பங்களாவில் இருந்த சீனியில் பெரும்பகுதியை டிஸ்பென்சரிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு துரையே கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்ததாகப் பங்களாச் சமையல்கார அப்பு சொன்னான்.

இரண்டு மாதம் கழித்து மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் பெய்து, இரத்தோட்டைக்கு இறங்கும் பாதையில் மண் சரிந்துவிட்டது. லொறியும் ஏற முடியாது, பஸ்ஸும் வராது. தோட்டத்தின் மேல் பகுதியை மேல் கணக்கு என்பார்கள். அங்கே மலையிலிருந்து குழாய் வழி விழும் பீலித் தண்ணீரில் சேறு கலந்து, ஒரே நாளில் பதினொரு பேருக்கு வயிறு போனது. கையில் இருந்ததே இரண்டு சேலைன் போத்தல். அவை முதல் நாளே முடிந்தன.

அன்று சட்டைப் பையில் வைத்த சீட்டைத் தேடி எடுத்தேன். டொக்டர் உப்பையும் சீனியையும் ஒன்றாகக் கலந்து கட்டச் சொல்லியிருந்தார். மழை ஈரத்தில் உப்புக் கசிந்தால் சீனியும் கெட்டுப்போகுமே என்று நான் என் மூளையைப் பாவித்தேன். உப்புக்கு ஒரு சின்னப் பொட்டலம், சீனிக்கு ஒரு பெரிய பொட்டலம். நாள் ஒன்றுக்கு இத்தனை என்று மூன்று நாளுக்கும் சேர்த்துப் பத்திரிகைத் தாளில் மடித்து நூல் கட்டியபோது எனக்கே என்னைப் பிடித்திருந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வைத்து, நோயாளி உள்ள வீட்டார் எல்லாரையும் கூப்பிட்டுக் கொடுத்தேன். கொதித்து ஆறிய தண்ணீர், சாராயப் போத்தலால் அளவு, இத்தனை தடவை என்று ஒப்புவித்தேன். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். புருஷனுக்கு வயிற்றுப்போக்கு என்று வந்து நின்ற மாரியாயி என்ற பெண் மட்டும், சீனி எதற்கு என்று கேட்டாள். எனக்கு அவசரம். தலைக்கு மேலே மழை.

"உப்புதான் மருந்து. சீனி சும்மா ருசிக்கு," என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன்.

தம்பிமாரே, என் முப்பத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். பொய் என்று தெரியாமல் சொன்னேன். அதனால் அது பொய் இல்லை என்று ஆகிவிடாது.

பதினொரு பேரில் மோசமாக இருந்தவர் பெரியசாமிக் கங்காணி. அறுபது வயது. கொழுந்து எடுக்கும் பெண்கள் ஒரு இலை முற்றலாகக் கிள்ளினாலும் அடுத்த மலையில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும்படி சொல்லிக் காட்டுகிற ஆள். என்னையும் விட்டுவைத்தது கிடையாது. நான் கொடுக்கும் மாத்திரையைவிட என் சட்டை வெள்ளை என்று ஒருமுறை பெரட்டில் வைத்துச் சொன்னார். அவர் மனைவி ராமாயி அதற்கு நேரெதிர். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவள். அதனால் அந்த வீட்டைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை.

இரண்டாம் நாள் முடிய ஒருவரும் தேறவில்லை. மூன்றாம் நாள் காலை நான் மேல் கணக்குக்கு ஏறிப்போனபோது கங்காணிக்குக் கண் குழிந்திருந்தது. நாக்கு தோல் மாதிரி காய்ந்திருந்தது. கையில் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளினபடியே நின்றது. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு ஒண்ணுக்கே போகவில்லை என்றாள் ராமாயி. அவர் என்னைப் பார்த்தார், என் சட்டையைப் பற்றிக்கூட ஒரு கேலி வரவில்லை.

மருந்து கொடுத்தாயா என்று ராமாயியிடம் பாய்ந்தேன். கொடுத்தேன் என்றாள். கழுவிக் கவிழ்த்த போத்தல்களைக் காட்டினாள், எத்தனை மணிக்கு எவ்வளவு என்று ஒப்புவித்தாள். பிசகே இல்லை. அப்படியானால் டொக்டரின் புது வைத்தியம் புஸ்வாணம் என்று முடிவு கட்டினேன். வெளிநாட்டுக் குடலுக்குச் சரிவருவது நம் குடலுக்குச் சரிவராது என்றுகூட மனதுக்குள் ஒரு விஞ்ஞானம் பேசிக்கொண்டேன். மிஞ்சியது ஒரு வழிதான். கங்காணியைக் கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டி, மண்சரிவைத் தாண்டிக் கீழே தூக்கிப்போவது. நாலு ஆட்கள் கம்போடு வாசலில் நின்றார்கள். சேற்றில் நாலைந்து மணித்தியாலம். அந்தக் கோலத்தில் இருந்தவர் பாதி வழி தாங்குவாரா என்பது எனக்கே சந்தேகம். தூக்கச் சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

வீட்டில் ஒரே கூட்டம். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள். தோட்டத்தில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் அந்த வரிசை வீடுகள், அதாவது லயம் முழுக்க வந்து பார்க்கும், வந்தவருக்கு ஒரு வாய் சாயமாவது கொடுக்காமல் அனுப்புவது அந்த வீட்டுக்கு மரியாதை இல்லை. கங்காணி நல்லாய் இருந்தபோது அவர் முகத்தில் முழிக்கப் பயந்த சனங்கள்கூட இரண்டு மூன்று தடவை வந்து போனதாகக் கேள்விப்பட்டேன். மனிதருக்கு இவ்வளவு பேர் இருக்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு இளகியது.

என்னைப் பலகையில் உட்காரவைத்து, வீட்டில் இருந்த ஒரே பீங்கான் கோப்பையில் ராமாயி தேத்தண்ணி கொடுத்தாள். நான் யோசனையில் குடித்தேன். நன்றாக இருந்தது. ஏறிவந்த களைப்புக்கு உடம்பெல்லாம் இறங்கியது. கோப்பையை நீட்டினேன், இன்னொரு தரம் ஊற்றினாள். அதிலும் பாதி குடித்திருப்பேன். எதிரே சுவரோரம் உட்கார்ந்திருந்த மாரியாயி உள்ளங்கையை நக்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் நக்கினாள்.

கூப்பன் சீனி தீர்ந்து இரண்டு வாரம். பாதை அடைபட்டு ஆறு நாள். என் வாயிலோ சீனித் தேத்தண்ணி.

"ராமாயி, இந்தச் சீனி எங்க இருந்து வந்துச்சு?"

"நீங்க குடுத்ததுதாங்க ஐயா."

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கங்காணிக்குக் கொடுத்த தண்ணீரில் எவ்வளவு சீனி போட்டாய் என்று கேட்டேன். போடவில்லை என்றாள். கூட்டம் ஏன் இரண்டு மூன்று தடவை வந்தது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏன் போடவில்லை என்று கத்தினேன். அவள் பயப்படவில்லை. என் மடத்தனத்தைப் பொறுமையாக விளக்கினாள்.

"ருசிக்குன்னு நீங்கதான சொன்னீங்க. சாகக் கெடக்குற மனுசனுக்கு ருசி எதுக்குங்க? வந்தவங்களுக்குத்தான ருசி வேணும். அவருக்கு மருந்துல ஒரு பொட்டும் கொறைக்காமக் குடுத்தேன்."

மூன்று நாளாக அந்தச் சனங்கள் நான் சொன்னபடியே செய்திருக்கிறார்கள். நோயாளிகளுக்கு உப்புத் தண்ணீர், ஊருக்குச் சீனி. உப்பு மட்டும் குடலுக்குள் போய் வாசலில் நின்றிருக்கிறது, கூட்டிப்போக ஆள் இல்லை. தண்ணீரும் உள்ளே ஏறாமல் வந்த வழியே போயிருக்கிறது. டொக்டர் வரைந்த வட்டங்கள் அப்போதுதான் எனக்கு விளங்கின. அந்த நேரத்தில் விளங்கியதற்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ராமாயியின் டப்பாவில் ஒரு கரண்டி தேறாது. டிஸ்பென்சரியில் இருந்ததையெல்லாம் கொடுத்தாகிவிட்டது. ஆனால் இன்னும் பத்து வீட்டுக்குச் சீனி கொடுத்திருந்தேன். எல்லாரும் கங்காணி வீட்டார் மாதிரித் தாராளமாகச் செலவழித்திருக்க மாட்டார்கள். வாசலுக்கு வந்து, சீனிப் பொட்டலம் வாங்கினவர்கள் மிச்சத்தை உடனே கொண்டுவாருங்கள் என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. பின்னால் யாரோ, பங்களாவில் தேத்தண்ணிக்குச் சீனி முடிந்துவிட்டதாம், துரை திருப்பிக் கேட்கிறாராம் என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. நான் சவ்வு என்றேன், உயிரணு என்றேன். மழையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். நான்தான் அவர்களுக்கு வருஷக்கணக்காகக் கசப்பை ஊட்டியவன். இனிப்பும் மருந்துதான் என்று இன்றைக்குச் சொன்னால் எப்படி நம்புவார்கள்? சத்தம் போட்டுப் பார்க்கலாம். தோட்டத்தில் ஐயா சத்தம் போட்டால் சனங்கள் தலையாட்டுவார்கள், அதற்காகப் பானைக்குள் இருப்பதை வெளியே எடுக்க மாட்டார்கள்.

மாரியாயி எழுந்து வந்தாள். "அன்னைக்குப் பெரட்டுல ருசிக்குன்னீங்க. இன்னைக்கு மருந்துங்கிறீங்க. எது நெசங்க ஐயா?"

உங்களுக்கு இந்த இடம் ஒருநாள் கட்டாயம் வரும். எனக்கு வந்தபோது என்னிடம் இரண்டு பதில் இருந்தது. நோய் முற்றிவிட்டது, அதனால் இப்போது சீனியும் சேர்க்கவேண்டியிருக்கிறது என்று சொல்லலாம். கௌரவமான பதில், ஒருவருக்கும் சந்தேகம் வராது. அது நாக்கு நுனிவரை வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். பிறகு உள்ளே கிடந்தவரைப் பார்த்தேன்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு. டொக்டர் எனக்குச் சரியாத்தான் சொன்னாரு, நான்தான் காது குடுத்துக் கேக்கல. இவரு இப்பிடிக் கெடக்குறதுக்கு நான்தான் காரணம்."

அதற்குப் பிறகுதான் எனக்கு வார்த்தை வந்தது. கங்காணி இல்லாமல் தனியாகப் பெரட்டுக்கு வரும் ஆளுக்கு அன்றைய வேலைக்குப் பேர் போடுவார்களா என்று கேட்டேன். போடமாட்டார்கள் என்றார்கள். வயிற்றுக்குள்ளேயும் அப்படித்தான் ஒரு பெரட்டு. உப்பு அங்கே தனியாகப் போய் நின்றால் பேர் விழாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். சீனி கூட்டிக்கொண்டு போனால்தான் உப்பு உள்ளே போகும். உப்பு போன பிறகுதான் தண்ணீர் போகும். தண்ணீர் போகாவிட்டால் ஆள் காய்ந்து செத்துப்போவார்.

மாரியாயி எண்ணிப் பார்ப்பது போல மூன்று விரலை மடக்கினாள். "அப்ப எங்க வீட்டுக்காரருக்கும் மூணு நாளா பேர் விழல," என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு ஓடினாள்.

அவள் போனதைப் பார்த்ததும் மற்றவர்களும் கலைந்தார்கள். அரிசிப் பானைக்குள்ளிருந்து, சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து, சீலை மூட்டைக்குள்ளிருந்து என் பத்திரிகைத் தாள் பொட்டலங்கள் வெளியே வந்தன. சிலது நூல்கூட அவிழ்க்காமல் இருந்தது. ஒரு வீட்டார் தீபாவளிக்கு என்று எடுத்துவைத்திருந்தார்களாம். ஒரு பொட்டலத்தில் சீனியைவிட எறும்பு கூட. அரித்தெடுக்க நேரமில்லாமல் அப்படியே கலக்கினோம். கங்காணி மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் என்று பிறகுதான் சொன்னார்கள், எறும்பு விஷயத்தைக் கடைசிவரை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை.

கம்போடு நின்ற நாலு பேரையும், தூக்க வேண்டாம் என்று சொல்லி மற்ற வீடுகளில் மருந்து கலக்கக் கூடமாட நிற்க அனுப்பினேன். என் கணக்குப் பிழைத்தால் அவர் அந்த லயத்திலேயே போய்விடுவார். ஏன் கீழே கொண்டுபோகவில்லை என்று கேட்க ஊரே இருக்கிறது, பதில் சொல்ல நான் ஒருவன்தான்.

கரண்டி கரண்டியாகக் கொடுத்தோம். முதலில் கொடுத்ததை வாந்தி எடுத்தார். ராமாயி என்னைப் பார்த்தாள். பத்து நிமிஷம் விட்டு மறுபடி என்றேன். மறுபடி கொடுத்தாள். அடுத்தது நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. அவள் ஊட்ட நான் மணி பார்க்க, நான் ஊட்ட அவள் மணி கேட்க, மத்தியானம் கடந்தது. மற்ற வீடுகளிலிருந்து சேதி வந்துகொண்டிருந்தது. மாரியாயியின் புருஷன் எழுந்து உட்கார்ந்துவிட்டான், கஞ்சி கேட்கிறான் என்றார்கள். இங்கே கங்காணி கண்ணைத் திறந்து திறந்து மூடினார், அவ்வளவுதான். இரண்டு போத்தல் உள்ளே போய்விட்டது. அது போகவேண்டிய இடத்துக்குப் போயிற்றா என்பது தெரிய ஒரே ஒரு அடையாளம்தான் இருந்தது. அவர் ஒண்ணுக்குப் போகவேண்டும்.

அது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. நாலு மணியளவில் நான் எட்டிப் பார்த்தபோது வாசலில் முப்பது பேருக்குக் குறையாது. நோயாளி வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர்கள், மலையிலிருந்து இறங்கினவர்கள், கூடை தலையில் தொங்கத் தொங்க நின்றவர்கள். இந்த முறை அந்த வீட்டில் சாயமும் கொடுக்கவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை.

கங்காணி கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். ராமாயி பிடிக்கப் போனாள், தள்ளிவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாகப் பின்வாசலால் வெளியே போனார். நாங்கள் எல்லாரும் பின்வாசல் பக்கம் காதைக் கொடுத்து நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கழிவுநீர் ஓடும் கானில் சத்தம் கேட்டது. நீங்கள் நம்பமாட்டீர்கள், என் பிள்ளைகள் பிறந்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்தது கிடையாது.

அவர் திரும்பிவந்து வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "என்னா கூட்டம் இது?"

ராமாயிதான் சொன்னாள்.

"நீங்க ஒண்ணுக்குப் போவீங்களான்னு பாக்கத்தான் நிக்கிறாங்க."

நான் அதற்குமேல் தாங்கவில்லை. சிரிப்பதாக நினைத்துத்தான் தொடங்கினேன், அது அழுகையாக மாறிவிட்டது. வெள்ளைச் சட்டையோடு லயத்து வாசற்படியில் உட்கார்ந்து முப்பது பேர் பார்க்க விம்மி விம்மி அழுதேன். கங்காணி சுவரைப் பிடித்தபடி ராமாயி பக்கம் திரும்பினார்.

"ஐயாவுக்கு என்னாச்சு? ஒடம்பு முடியலயா? அந்தத் தண்ணில அவருக்கும் ஒரு கோப்ப ஊத்திக் குடு, புள்ள."

அவள் உடனே கொண்டுவந்து கொடுத்தாள். நானும் வாங்கிக் குடித்தேன். கண்ணீர் வழிந்து வாயோரத்தில் இறங்கியதால் இரண்டையும் ஒன்றாகவே ருசி பார்த்தேன். கண்ணீர்தான் கொஞ்சம் உப்புக் கூட, மருந்தின் அளவு சரியாகத்தான் இருந்தது.